கண்ணு போடு

டமார்!

ஃபோர்க்லிஃப்ட்காரன் திருப்பத்தில் கொஞ்சம் வேகமாகத் திரும்பிவிட்டான். இரும்புத் துண்டுகள் நிறைந்த தொட்டி சரிந்து சிமென்ட் தரையில் கவிழ்ந்தது. தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பில் அது ஒன்றும் அதிசயமில்லை. திட்டுவதற்கு இரண்டு பேர் ஓடினார்கள். மற்றவர்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

சுடலைக்கண்ணுவை மட்டும் நின்ற இடத்தில் காணோம்.

அவன் பீஸ் அடுக்கும் மேஜைக்கு அடியில் இருந்தான். முழங்கால்களுக்கு நடுவே தலை, தலைக்கு மேல் இரண்டு கை. எப்போது குனிந்தான், எப்படி உள்ளே போனான் என்று அவனுக்கே தெரியாது. நெஞ்சு மட்டும் வலையில் மாட்டிய காடை மாதிரி படபடத்துக்கொண்டிருந்தது.

"இன்னா மச்சான், கீழே இன்னாத்த தேடினுகீற? பல்செட்டு வுழுந்துடுச்சா?"

குனிந்து பார்த்துச் சிரித்தவன் டில்லிபாபு. ஒரே பிரஸ்ஸில் அவனோடு ஜோடியாக நிற்பவன். பிள்ளைப்பாக்கத்துக்காரன். 'இப்ப கேன்டீன் கீதே, அங்கதான் எங்கப்பா வேர்க்கடலை போட்டாரு' என்று புதிதாக வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொள்வான். அவன் சிரித்ததும் அடுத்த லைன்காரர்களும் சிரித்தார்கள்.

சிரிக்காதவர் ஒருவர்தான், சூப்பர்வைசர் பெருமாள்சாமி.

"வெளியே வா" என்றார்.

சுடலைக்கண்ணு வந்தான்.

"நானும் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன். கதவு அடிச்சாலும் ஒளியுற. டிபன் பாக்ஸ் விழுந்தாலும் ஒளியுற. நாளைக்குக் காலை ஷிப்ட்ல மேனேஜர் பி-லைனுக்கு வர்றார். புது ஆர்டர் பீஸ். நீயும் டில்லியும்தான் ஓட்டப்போறீங்க. டீ முடிஞ்சு சாப்பாட்டு பெல் அடிக்கிற வரைக்கும் ஒழுங்கா நின்னுட்டா, உன்னை நிரந்தரம் பண்ணச் சொல்லி நானே பேசுறேன். நடுவுல இப்படி மேஜைக்கு அடியில போனேன்னு வை, ஊருக்கு பஸ் ஏறிக்க வேண்டியதுதான். பயந்தவனை பிரஸ்ல நிறுத்தி எவன் பாவத்தையும் நான் கட்டிக்க முடியாது."

"சரி சார்."

"இப்ப நர்ஸம்மாகிட்ட போய் ஏதாவது மாத்திரை வாங்கிப் போடு."

எல்லாம் போன மாதம் பிடித்த சனி. தகட்டுக்கு வடிவம் தரும் அச்சான டையை மாற்றும்போது கிரேன் சங்கிலி அறுந்தது. கல்யாண மண்டபத்து அடுப்பு அளவுக்கு இருந்த இரும்பு டை, பிரஸ்ஸைத் துடைத்துக்கொண்டிருந்த சுடலைக்கண்ணுவுக்கும் டில்லிபாபுவுக்கும் நடுவே வந்து விழுந்தது. தரையில் பள்ளம். இருவர் மேலும் ஒரு கீறல்கூட இல்லை. டில்லிபாபு அன்று சாயங்காலமே அதை ஒரு வேடிக்கையாக்கி லைன் முழுக்க நடித்துக் காட்டினான். சுடலைக்கண்ணுவுக்குத்தான் சத்தம் இன்னும் காதை விட்டு இறங்கவில்லை. எங்கே எது விழுந்தாலும் அந்த டையே மறுபடி விழுந்தது.

பயத்தைவிடப் பெரிய பயம் ஒன்று வீட்டில் இருந்தது. கல்யாணமாகி இரண்டே மாதம். 'மாப்பிள்ளைக்கு மெட்ராஸ் பக்கம் கம்பெனி வேலை, சீக்கிரம் நிரந்தரமாயிடும்' என்ற ஒரு வார்த்தையை நம்பித்தான் திசையன்விளையில் கவியாவை அவனுக்குக் கொடுத்தார்கள். அவளைக் கூட்டிவந்து பிள்ளைப்பாக்கத்தில் ஒரு ரூமில் குடிவைத்து, பாத்திரங்களில் ஒட்டிய ஸ்டிக்கர்கூட இன்னும் முழுசாகப் போகவில்லை. அதற்குள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாமனார் வாசலில் போய் நிற்பதா?

முதலுதவி அறையில் இருந்த நர்ஸ் இசைவாணி மண்ணூர்க்காரி. கம்பெனியில் எல்லாருக்கும் அக்கா. அவன் சொன்னதை முழுவதும் கேட்டுவிட்டு அலமாரியைத் திறக்காமலே உட்கார்ந்திருந்தாள்.

"தலைவலிக்கு கீது, வயித்துவலிக்கு கீது. இதுக்கு என்கிட்ட மாத்திரை இல்ல தம்பி. தூக்கம் வர்ற மாத்திரை போட்டுக்கினு பிரஸ்ல நின்னா கை போயிடும். நீ பெரிய ஆஸ்பத்திரில ஒரு மனநல டாக்டரைப் பாக்கணும்."

"நாளைக்குக் காலைல மேனேஜர் வாராரு, அக்கா."

இசைவாணி நாற்காலியை அவனுக்கு நேராக இழுத்துப் போட்டாள்.

"போன வருசம் சுனாமி வந்தப்ப எங்க சர்ச்லேர்ந்து நாகப்பட்டினம் போயிருந்தோம். அங்க ஒரு டாக்டரு, கடல் சத்தம் கேட்டாலே அலறிக்கினு ஓடுறவங்களை உக்கார வெச்சு ஒண்ணு செய்வாரு. மருந்தும் இல்ல, மந்திரமும் இல்ல. விரலை இப்படி முகத்துக்கு நேரா ஆட்டுவாரு, அவ்ளோதான். தலையைத் திருப்பாம கண்ணால மட்டும் பாக்கணும்."

"கண்ணாலயா?"

"கண்ணாலதான். எப்படி வேலை செய்யுதுன்னு கேட்டேன். 'அதுல எங்களுக்குள்ளயே சண்டைம்மா, ஆனா பல பேருக்கு மனசு இறங்கி வருது'ன்னாரு. சில பேருக்கு ஒண்ணும் ஆகல, அதையும் பாத்தேன். ஆழமான காயத்துக்குப் படிச்சவங்கதான் செய்யணும். நான் வெறும் நர்ஸு. உன் படபடப்பு அடங்குதான்னு மட்டும் பாக்கலாம். நிமிந்து உக்காரு."

அவள் சுட்டுவிரலை உயர்த்தினாள். இடதுபுறம் போனது, வலதுபுறம் வந்தது. சுவர்க்கடிகாரத்தின் பெண்டுலம் மாதிரி அவசரமில்லாத ஆட்டம். முதலில் தலையும் கூடவே திரும்பியது. 'தலை வேணாம்' என்று தாடையைப் பிடித்து நிறுத்தினாள். பிறகு அவன் கண்கள் மட்டும் போய் வந்தன.

"இப்ப அந்த டை விழுந்ததை நெனச்சுக்கோ. கண்ணை நிறுத்தாதே."

நினைத்தான். விரல் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தது. கொஞ்ச நேரத்தில் டை விழுந்த சத்தத்துக்கும் அவனுக்கும் நடுவில் யாரோ ஒரு போர்வையைப் போட்டதுபோல் ஆயிற்று. சத்தம் இருந்தது, ஆனால் அடுத்த தெருவில் இருந்தது. தன்னையறியாமல் பெருமூச்சு விட்டான்.

"ம். மூச்சு இறங்கிச்சு பாரு. விரல் இல்லாமலும் செய்யலாம். எதிர்ல ரெண்டு இடத்தை வெச்சுக்கோ. மாறி மாறிப் பாரு."

திரும்பி வரும் வழியிலேயே செய்துபார்த்தான். இந்தக் கம்பம், அந்தக் கதவு. கம்பம், கதவு. டில்லிபாபு பார்த்துவிட்டான்.

"டேய், இன்னாடா இது, பொம்மலாட்டமா? சுடலைக்கண்ணு இப்ப சுழலுங்கண்ணு ஆயிட்டான்டோய்!"

"நர்ஸக்கா சொன்னாவ. பயத்துக்கு நல்லதாம்ல."

"எப்படி எப்படி? காட்டு" என்று இரண்டு மூன்று முறை கேட்டு, அதேபோல் கண்ணை உருட்டி உருட்டி நடித்து, சாயங்காலம் பஸ் வரும்வரை அதே கேலி. பஸ்ஸிலும் விடவில்லை.

வீட்டில் கவியா சிரிக்கவில்லை. அரிசி களைந்துகொண்டிருந்தவள், அவன் சுவரின் இரண்டு மூலைகளையும் மாறி மாறிப் பார்ப்பதைக் கவனித்துவிட்டாள்.

"என்னத்தத் தேடுதீய? பல்லியா?"

ஒரு மாதமாக மறைத்ததை அப்போதுதான் சொன்னான். டையைச் சொன்னான், மேஜைக்கு அடியில் போவதைச் சொன்னான், நாளைக்கு மேனேஜர் வருவதையும் சொன்னான். அவள் கையிலிருந்து அரிசித் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கேட்டு முடித்ததும் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எதிரே வந்து சம்மணம் போட்டாள்.

"நேத்து குக்கர் விசில் அடிச்சப்ப நீங்க ஏன் குதிச்சியன்னு இப்பல்லா தெரியுது. விரலைத்தானே ஆட்டணும்? நான் ஆட்டுதேன், பாருங்க."

ஆட்டினாள். வளையல் குலுங்கியது. அவன் கண்ணை ஓட்டினான். பாதியில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட, அவனுக்கும் வந்தது. ஒரு மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவன் வயிறு நிறையச் சாப்பிட்டான்.

மறுநாள் காலை. டீ முடிந்து பெல் அடித்தது.

அந்தப் பெரிய பிரஸ்ஸுக்கு முன்னால் ஒருவன், பின்னால் ஒருவன். முன்னால் டில்லிபாபு, பின்னால் சுடலைக்கண்ணு. நீளமான தகட்டை முன்னால் நிற்பவன் உள்ளே தள்ளுவான். பின்னால் நிற்பவன் கையை உள்ளே விட்டு, டையில் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு முளைகளில் அதை உட்கார வைப்பான். பிறகு மேல் டை இறங்கி ஒரே அடி.

பிரஸ்ஸைச் செய்தவன் புத்திசாலி. ஆளுக்கு இரண்டு பச்சைப் பொத்தான் வைத்திருந்தான். இருவரும் இரண்டு கைகளாலும் ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் டை இறங்கும். யார் கையும் உள்ளே மாட்டவே மாட்டாது. ஆனால் பி-லைன்காரர்கள் அதைவிடப் புத்திசாலிகள். பிரஸ்ஸின் பக்கவாட்டில் ஒரு சாவி உண்டு. அதைத் திருப்பினால் பின்பக்கப் பொத்தான்கள் செத்துவிடும், முன்னால் நிற்பவன் அமுக்கினாலே போதும். வேலை பறக்கும்.

பின்னால் நிற்பவன் கையை எடுத்துவிட்டான் என்று முன்னால் நிற்பவனுக்கு எப்படித் தெரியும்? காதில் பிளக், வாயில் துணி மாஸ்க், சுற்றிலும் இடி முழக்கம். பேசினால் கேட்காது. உள்ளே போன விரல்களைக் கீழ் டையின் விளிம்பு மறைத்துவிடும்; டைகளுக்கு நடுவே உள்ள இடைவெளியில் தெரிவது எதிராளியின் கண் மட்டும்தான். அதனால் கண்ணாலேயே சொல்வார்கள். கையை எடுத்ததும் கண்ணை இடமிருந்து வலமாக ஒரு ஓட்டு. 'வெளியே வந்தாச்சு, அமுக்கு' என்று அதற்கு அர்த்தம். ஊரில் கண்ணு போட்டால் திருஷ்டி. பி-லைனில் கண்ணு போட்டால் டை இறங்கும்.

பெருமாள்சாமி அன்றும் சாவியைத் திருப்பினார். மேனேஜர் பக்கத்து லைனிலிருந்து வந்துகொண்டிருந்தார்.

முதல் தகடு. சுடலைக்கண்ணு உள்ளே கையை விட்டான், உட்கார வைத்தான், வெளியே எடுத்தான், கண்ணு போட்டான். தம்ம்! தரை அதிர்ந்தது. அந்த அதிர்ச்சி காலிலிருந்து ஏறி நேராக நெஞ்சுக்கு வந்தது. மேஜை எங்கே என்று உடம்பு தேடியது.

இல்லை. மேஜை இல்லை. எதிரே இரண்டு இடம்.

பிரஸ்ஸின் இடது தூணில் ஒரு மஞ்சள் பட்டை, வலது தூணில் ஒன்று. மஞ்சள், மஞ்சள். கண்ணை ஓட்டினான். நெஞ்சு ஒரு படி இறங்கியது. தகடு, உட்கார வை, எடு. மஞ்சள், மஞ்சள். தம்ம்! மறுபடியும் மஞ்சள், மஞ்சள்.

பத்து நிமிஷத்தில் அவனுக்கே ஆச்சரியம். டை இறங்கியது, அவன் நின்றான். மறுபடி இறங்கியது, நின்றான். பயம் எங்கும் போய்விடவில்லை, முதுகுக்குப் பின்னால்தான் இருந்தது. ஆனால் கழுத்தைப் பிடிக்கவில்லை. ஓரக்கண்ணில் மேனேஜரின் வெள்ளைச் சட்டை. பக்கத்தில் பெருமாள்சாமி கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். வேகம் ஏறிக்கொண்டே இருந்தது. ஏன் ஏறுகிறது என்று சுடலைக்கண்ணு யோசிக்கவில்லை. அவன் மனசை அடக்க ஓட்டும் ஒவ்வொரு ஓட்டமும், எதிரே நிற்பவனுக்கு 'அமுக்கு' என்று போய்க்கொண்டிருந்தது.

பிறகு அந்தத் தகடு வந்தது.

ஓரத்தில் பிசிறு. ஒரு முளையில் உட்கார்ந்தது, இன்னொன்றில் உட்காரவில்லை. சுடலைக்கண்ணு கையை இன்னும் உள்ளே விட்டு அழுத்தினான். பிசிறு கையுறையைக் குத்திப் பிடித்துக்கொண்டது. இழுத்தான். வரவில்லை. தலைக்கு மேலே பளபளவென்று மேல் டை. அதன் விளிம்பில் எண்ணெய் ஒரு சொட்டாகத் திரண்டு தொங்கியது.

அதே டை. அதே சங்கிலி. அதே சத்தம். எல்லாம் ஒன்றாக வந்தன. கண் இருட்டியது. அவன் எதையும் நினைக்கவில்லை. பழகிய கண் தானாக ஓடியது. மஞ்சள், மஞ்சள். இடம், வலம்.

ஓடி முடித்த பிறகுதான் உறைத்தது.

கை உள்ளே இருக்கிறது. நான் கண்ணு போட்டுவிட்டேன்!

"டில்லி! வேண்டாம்ல!" என்று கத்தினான். மாஸ்க்கைத் தாண்டி அது அவன் காதுக்கே வரவில்லை. அவசர நிறுத்தப் பொத்தானை இடது கையால் துழாவினான், எட்டவில்லை. கவியாவின் விரல் நினைவுக்கு வந்தது. தன் விரல்களைப் பார்த்தான். நான்கு தகட்டுக்கு மேலே, கட்டைவிரல் கீழே. இவ்வளவுதான். இப்போது.

டை இறங்கவில்லை.

இன்னும் இறங்கவில்லை.

முழங்காலைப் பிரஸ்ஸில் ஊன்றி, மொத்த உடம்பையும் பின்னால் எறிந்தான். கையுறை உள்ளேயே நின்றுவிட்டது. வெறும் கை வெளியே வந்தது. ஐந்து விரலும் வந்தன. தள்ளாடி எழுந்து சிவப்புப் பொத்தானை ஓங்கி அடித்தான். பிரஸ் அடங்கியது.

பக்கத்து லைன்கள் ஓடிக்கொண்டிருந்தாலும், பி-லைனில் விழுந்த அமைதியில் ஆள்கள் திரும்பிப் பார்த்தார்கள். பெருமாள்சாமி முகம் சிவக்க ஓடிவந்தார். பின்னாலேயே மேனேஜர்.

"ஏன்டா நிறுத்துன? நல்லாத்தானே போச்சு? மறுபடி ஆரம்பிச்சுட்டியா?"

சுடலைக்கண்ணு காதிலிருந்த பிளக்கைப் பிடுங்கினான். மேஜை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அவன் அந்தப் பக்கம் போகவில்லை.

"சார், அந்தச் சாவியைத் திருப்புங்க. என் பொத்தானுக்கு உசிர் குடுங்க. அப்பத்தான் ஓட்டுவேன்."

"என்னது? யார்கிட்ட பேசுறேன்னு தெரியுதா?"

"தெரியுது சார். ஊருக்கு அனுப்புங்க, போறேன். ரெண்டு கையோட போறேன்."

மேனேஜர் டைக்குள் எட்டிப் பார்த்தார். தகட்டின் பிசிறில் கையுறை மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது, ஐந்து விரலும் விரித்தபடி. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சாவியைப் பார்த்தார். பெருமாள்சாமி வேறு எங்கோ பார்த்தார்.

"பயமா இருக்காப்பா?" என்று கேட்டார் மேனேஜர்.

"இருக்கு சார். ஆனா நிக்கேன்லா?"

மேனேஜர் தானே போய்ச் சாவியைத் திருப்பினார். உருவி எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"ரெண்டு பேரும் அமுக்கி ஓட்டுங்க. குறையற பீஸுக்கு நான் பதில் சொல்லிக்கறேன்."

புதிய கையுறை வந்தது. நான்கு பச்சைப் பொத்தான்களும் உயிரோடு எரிந்தன. வேகம் பாதியானது. இப்போது சுடலைக்கண்ணுவின் கண் யாருக்கும் எதுவும் சொல்லவில்லை, அது அவனுக்கு மட்டும் சொந்தமாக இருந்தது. மஞ்சள், மஞ்சள். மேனேஜர் அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். சாப்பாட்டு பெல் அடிக்கும்வரை பிரஸ் மறுபடி நிற்கவில்லை.

கை கழுவும் இடத்தில் பெருமாள்சாமி வந்து பக்கத்துக் குழாயைத் திறந்தார்.

"உன்னை நிரந்தரம் பண்ணச் சொல்லிட்டார். நான் வாயைத் திறக்கறதுக்கு முன்னாடியே சொல்லிட்டார்." கையைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். "சாவி விஷயத்தை என்கிட்ட தனியா சொல்லியிருக்கலாம்ல?"

"தனியாச் சொன்னா கேட்டிருப்பியளா சார்?"

அவர் குழாயை மூடிவிட்டுப் போய்விட்டார்.

கேன்டீனில் டில்லிபாபு ஒரு மூலையில் தனியாக உட்கார்ந்திருந்தான். தட்டில் சாம்பார் சாதம் ஆறிப்போயிருந்தது. வழக்கமாக நாலு பேரைச் சேர்த்து வைத்துக்கொண்டு யாரையாவது கலாய்க்கிறவன், இன்று எவனையும் பக்கத்தில் விடவில்லை. சுடலைக்கண்ணு எதிரே தட்டை வைத்து உட்கார்ந்தான். காலையிலிருந்து கேட்க நினைத்தது நாக்கின் நுனியில் நின்றது. சோற்றைப் பிசைந்தபடியே கேட்டுவிட்டான்.

"ஏல டில்லி, நான் கை உள்ள இருக்கும்போதே கண்ணு போட்டுட்டேன். நீ ஏன்ல அமுக்கல? நான் கண்ணு போட்டது தப்புன்னு உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

டில்லிபாபு தலையைத் தூக்கவில்லை. ஸ்பூன் தட்டின் விளிம்பில் கடகடவென்று தட்டியது. அதை நிறுத்த இன்னொரு கையால் பிடித்தான். அந்தக் கையும் ஆடிக்கொண்டிருந்தது.

"உன் கண்ண எவன்டா பாத்தான்? நீ கைய இன்னும் உள்ள வுட்டதுமே எனக்கு ஒடம்பெல்லாம் ஒதறிப்போச்சு மச்சான்... அந்த நேரத்துல நானும் செவுத்தப் பாத்து கண்ண ஆட்டிக்கினு இருந்தேன்டா!"